டைகரின் நீலப் பட்டை

எங்கள் தெருவில் படுத்துக் கிடந்த நாய்க்கு டைகர் என்று பேர் வைத்தது நான்தான். காக்கா கிட்டே வந்தாலே எழுந்து ஓடுகிற நாய்க்கு இந்தப் பேர் எதற்கு என்று அப்பா சிரிப்பார். ஆனால் சைக்கிளைக் கண்டால் மட்டும் அதற்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிடும். ஒருநாள் பஞ்சாயத்துத் தலைவரின் சைக்கிளைத் துரத்தி, அவரை வேட்டியோடு வாய்க்காலில் இறக்கிவிட்டது. மறுவாரமே எங்கள் ஊர் வடக்குப்பட்டுத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்துக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று.

காப்பகம் ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் ஒரு மாந்தோப்புக்குள் இருந்தது. அப்போது அந்தப் பக்கம் கம்பெனி ஒன்றும் கிடையாது. மெட்ராஸ்காரர் ஒருவர் ஆரம்பித்தது; நல்ல மனுஷர். மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அங்கே வாட்ச்மேன் வைத்ததுதான் சட்டம்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யூனிபாரம் தைப்பாள். கண் மங்கல். ஊசியில் நூல் கோக்க ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். எட்டு வயதில் எனக்கு அதில் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. டைகர் போகிற அன்று, மிஞ்சிய நீலத் துணியைப் பட்டையாக மடித்து அதன் கழுத்தில் சுற்றி, அப்படியே வைத்துத் தைத்துவிட்டாள். நம்ம நாய் என்று அடையாளம் தெரியட்டும் என்றாள். வண்டி போனதும் நான் அழுத அழுகையில் முகமெல்லாம் வீங்கிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஒரகடம் கூட்ரோட்டில் பஸ் பிடித்து அத்தையும் நானும் தோப்புக்குப் போனோம். நல்ல சித்திரை வெயில். வாட்ச்மேன் எங்களை கேட்டிலேயே நிற்க வைத்துவிட்டு உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்து டைகர் மாதிரியே ஒரு செவலை நாயைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார். கழுத்தில் நீலப் பட்டை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அப்புறம்தான் பின்னங்காலைப் பார்த்தேன். டைகருக்கு அங்கே ஒரு நகம் கூடுதல். தினமும் உண்ணி பிடுங்கிய எனக்குத் தெரியாதா? இதற்கு அது இல்லை.

அத்தையோ அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவித் தடவிக் கடைசியில், "நம்பள்துதான்" என்றாள்.

பாவம், கண் தெரியவில்லை, சொன்னால் உடைந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அதனால் நானும், ஆமாம் டைகர்தான் என்று சத்தமாகச் சொன்னேன். நிஜ டைகர் வேலி தாண்டி ஓடிப்போய் எங்கேயோ சைக்கிள் துரத்திக்கொண்டு சுகமாக இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அத்தை ஒரு ஞாயிறு தவறவில்லை. நாயைக் கூட்டி வருகிறேன் என்று வாட்ச்மேன் சொன்னால், வேண்டாம், அது இருக்கிற இடத்திலேயே பார்க்கிறேன் என்று விறுவிறுவென்று உள்ளே போய்விடுவாள். தகரக் கொட்டகையில் முப்பது நாய்க்கு மேல் எலும்பும் தோலுமாகக் கிடந்தன. தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுத் துழாவுவாள். பாசிதான் வரும். கஞ்சியை மோந்து பார்ப்பாள். எங்க நாய் குடிக்கிற தண்ணி என்பாள், எங்க நாய் படுக்கிற இடம் என்பாள். கழுவி முடிக்கிற வரை அந்த இடத்தை விட்டு அசைய மாட்டாள். வாட்ச்மேனுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"வாரா வாரம் இன்னாத்துக்கும்மா வர்றே?"

"எங்க நாயி இங்க கீது. வர்றேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்தார். அத்தை அதோடு விட்டாளா? மெட்ராஸ்காரருக்கு ஒரு கடிதாசு போட்டாள். அவள் சொல்லச் சொல்ல எழுதியது நான். நீங்கள் வருகிற நாளில் மட்டும்தான் இங்கே நாய்களுக்குக் குளியலும் சோறும், ஒரு ஞாயிறு சொல்லாமல் வந்து பாருங்கள் என்று எழுதினோம். அவரும் வந்தார். தொட்டியைப் பார்த்தார், வாட்ச்மேனைப் பார்த்தார், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

மழைக்காலத்துக்குள் கொட்டகைக்கு ஓலை வேய்ந்தாயிற்று. புதுசாக சிமெண்டுத் தொட்டி, சோறாக்க ஒரு அம்மா, வாரம் ஒருமுறை மாட்டு டாக்டர். பொய் டைகர் கொழுகொழுவென்று ஆகி, எங்கள் குரல் கேட்டாலே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். எனக்கும் அதன்மேல் ஆசை வந்துவிட்டது. அத்தையை ஏமாற்றிக்கொண்டு இருக்கிறோமே என்று உறுத்தினாலும், எவ்வளவு பெரிய ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளுக்குள் பெருமைதான்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு, எங்கள் குடும்பத்துக் கல்லறைகள் மூன்றுக்கு அத்தை நான்கு மெழுகுவத்தி எடுத்து வந்தாள். எண்ணக்கூடத் தெரியவில்லையா என்று கேலி செய்தேன். இருக்கட்டும்டி என்று சொல்லி, நான்காவதைச் சுவரோரம் மண்ணில் ஊன்றி ஏற்றினாள். அதற்கப்புறம் வருஷா வருஷம் அப்படி ஒன்று கூடுதலாக வரும். எல்லாம் கண் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. புதுக் கண்ணாடியோடு அவளே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது, போனால் போகிறதென்று நகத்துக் கதையைச் சொன்னேன்.

அத்தை சிரித்துவிட்டாள். "நகமா? அது எனக்கு எங்கடி தெரியும்? பட்டைய நான் தைச்சு வுட்டேன். அந்த நாய் கழுத்துல வாட்ச்மேன் முடிச்சு போட்டிருந்தான். கை பட்டதுமே தெரிஞ்சிடுச்சு."

அப்போதே ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா, நாயே இல்லாதவளுக்கு இங்க இன்னா வேலைன்னு கேட்டைச் சாத்தியிருப்பான். அப்புறம் அந்தத் தொட்டிய யாரு பாக்கறது?"

டைகர் வேலி தாண்டித்தானே போனது என்று கேட்டேன். எனக்கு அது அப்படித்தான் இருக்க வேண்டும். அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தண்ணி இல்லாம, அந்த வெயில்ல, ரெண்டாம் நாளே செத்துப் பூட்ச்சாம். வாட்ச்மேனே பின்னாடி ஒருநாள் அழுதுகினு சொன்னான்."

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நான்கு மெழுகுவத்திகளையும் நானே எண்ணி எடுத்து வைத்தேன்.