எட்டு நாள் மௌனம்

மருந்துக்கடை அக்காவுக்குத் தெருவில் இன்னொரு பெயர் உண்டு: காலாவதி அக்கா. ரொட்டிப் பொட்டலம் வாங்கினாலும் திருப்பிப் போட்டுத் தேதி பார்ப்பாள். "என் முதுகுலயும் தேதி அச்சடிச்சிருக்கா பாரு" என்று கணவன் திரும்பி நிற்பான். அவள் சிரிக்க மாட்டாள்.

இருபது வருடமாகக் கடை அவள் பொறுப்பில். பழுதான மருந்தைத் திரும்பப் பெறச் சொல்லி மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து முன்பெல்லாம் கடிதம் வரும். பிறகு கடிதம் நின்றது. எல்லாம் வலைத்தளத்தில் என்றார்கள். கடை வேலைக்கு நடுவே அதைத் திறந்து பார்க்க நேரமில்லாமல் அவள் திண்டாடியபோது, கணினி வேலை பார்க்கும் தம்பி அவள் ஃபோனில் ஒரு ஃபீட் போட்டுக் கொடுத்தான்.

"நீ அங்க போகவே வேணாம்க்கா. தளத்துல புதுசா எது ஏறினாலும் தலைப்போட இங்க வந்து நிக்கும்."

மூன்று வருடம் சொன்னபடியே வந்து நின்றது. வாரத்துக்கு மூன்றோ நாலோ. அவளும் நிம்மதியாக இருந்தாள்.

அந்த வியாழக்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்குக் கடையில் ஆளில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே ஃபோனைப் பார்த்தாள். கடைசி அறிவிப்பு போன வாரம் புதன்கிழமை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பிரச்சினை இல்லையென்றால் நல்லதுதானே என்று ஒரு வாய் வைத்தாள். இரண்டாவது வாய் இறங்கவில்லை. மருந்து செய்கிறவர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் உத்தமர்கள் ஆகிவிட்டார்களா?

கையைத் துடைத்துக்கொண்டு தளத்தை நேராகத் தேடித் திறந்தாள். முகப்பே மாறியிருந்தது. புது நிறம், புது விலாசம். தம்பி போட்ட ஃபீட், குடிமாறிப் போனவர்களின் பழைய வாசலில் காத்துக் கிடந்தது. புது வாசலிலோ ஆறு அறிவிப்புகள். நாலாவதை இரண்டு முறை படித்தாள். கண் சொட்டு மருந்து. கிருமி கலந்திருக்கிறது. கீழே பேட்ச் நம்பர்.

அலமாரிக்கு ஓடினாள். அதே நம்பர். நேற்று சாயங்காலம் நாலு குப்பி அடுக்கினாள். இப்போது மூன்று இருந்தன.

நாலாவது யாருக்குப் போனது என்று நோட்டைப் புரட்ட வேண்டியதே இல்லை. பக்கத்துத் தெருக் கடிகாரக்காரர். நேற்றுதான் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். காலையில் சீட்டோடு வந்த அவர் மனைவி, "மத்தியானம் கட்டைப் பிரிச்சிட்டு விடச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

ஃபோன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பூட்டக்கூடத் தோன்றாமல் ஓடினாள். மூன்று மாடி. கதவைத் தட்டவில்லை, இடித்தாள்.

கதவைத் திறந்த மனைவியின் கையில் அந்தக் குப்பி.

"விட்டுட்டீங்களா அண்ணி?"

"இப்பத்தான். ஒரு சொட்டு. ஏன்?"

உள்ளே கடிகாரக்காரர் மல்லாந்து படுத்திருந்தார். "எரியலயேம்மா" என்று கண்ணருகே கையைக் கொண்டுபோனார்.

"தொடாதீங்கண்ணே! தண்ணியும் விடாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

டாக்சியில் அவள் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். "உன்மேல தப்பில்ல" என்றார் அவர். மனைவி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தெரிஞ்சு கொடுக்கல, சரி. தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியது உங்க வேலைதானே?" என்றாள்.

மருந்துக்கடை அக்கா அவள் கையிலிருந்த குப்பியை வாங்கிக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

கண் டாக்டரம்மா குப்பியையும் ஃபோனில் இருந்த அறிவிப்பையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணைக் கழுவினார், மருந்தை மாற்றினார். "சீக்கிரம் வந்தது நல்லது. ஆனா மூணு நாள் போகாம எதுவும் சொல்ல முடியாது. வலியோ சிவப்போ வந்தா உடனே வாங்க."

கடிகாரத்துக்குள் மயிரிழைச் சுருளைப் பார்க்கிற கண். அந்த நினைப்பே அவளைத் தின்றது.

கடைக்குத் திரும்பியதும் ஊரிலிருக்கும் மற்ற மருந்துக்கடைகளுக்கெல்லாம் ஃபோன் போட்டாள். இரண்டு கடைகளில் அதே பேட்ச் அலமாரியில் இருந்தது. அவர்களும் ஃபீடைத்தான் நம்பியிருந்தார்கள். அடுத்து அலுவலகம். "வீடு மாத்துறவங்க பழைய கதவுல ஒரு சீட்டாவது ஒட்டிட்டுப் போகமாட்டாங்களா சார்?" என்று அவள் கேட்டதற்கு, எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதியும் கொடுத்தாள். தம்பி வந்து புது விலாசத்தைப் போட்டான். "நின்னுபோனா அது சத்தம் போடாதுக்கா" என்றான் தலைகுனிந்து.

மூன்று நாளும் ஃபோன் மணி அடித்தபோதெல்லாம் யார் எண் என்றுதான் முதலில் பார்த்தாள். ஞாயிறு காலை கடிகாரக்காரர் மனைவியின் எண் வந்தது.

"டாக்டரம்மா பார்த்துட்டாங்க. கண்ணு சுத்தமா இருக்காம். பயமில்லையாம்." பிறகு, "அன்னைக்கு டாக்சில நான்..." என்றாள்.

"நீங்க கேட்டது நியாயம்தான் அண்ணி."

ஃபோனை வைத்துவிட்டு மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் அழுது தீர்த்தாள்.

ஃபீடை அவள் விடவில்லை. இன்றும் அறிவிப்புகள் அதில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒன்றும் வராவிட்டால், வாடிக்கையாளர் நின்றாலும் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் தளத்தைத் தானே திறந்து பார்த்துவிடுவாள்.