மடங்காத மடக்குக் கத்தி

ஓய்வு பெற்றபின் கள்ளக்குறிச்சி கடைவீதியில், ஒரு பாய் நடத்தும் கத்திக் கடையில் மடக்குக் கத்தி வாங்கினேன். மறுநாள் கல்வராயன் மலையில் அதைத் திறந்து கொய்யா நறுக்கினேன். கூர்மையில் குறையில்லை, மூடத்தான் முடியவில்லை. நுனி வெளியே நீட்டியிருக்க, துண்டில் சுற்றிக்கொண்டு பேருந்தில் திரும்பினேன். அவ்வளவு கூட்டத்திலும் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

முப்பது ஆண்டு அரசுப் பணி வீண்போகுமா? நுகர்வோர் நீதிமன்றத்துக்கு நகல் என்று குறிப்பிட்டு, மூன்று பிரதிகளில் புகார் எழுதினேன். கடையில் நாலு பேர் நிற்கும்போது அதை உரக்க வாசித்தேன். ஒருவர் வாங்க எடுத்த கத்தியைத் திரும்ப வைத்துவிட்டார்.

பாய் என் கத்தியை வாங்கி, பிடிக்குள் இருந்த மெல்லிய தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கினார். கத்தி மடங்கியது.

"இன்னா பாய், இதுக்கா இம்மாம் பெரிய மனு?" என்று ஒருவர் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. தப்பு எம்மேலதாங்க சார். புது மாதிரி லாக்கு, நாந்தான் சொல்லிக் குடுத்திருக்கணும்," என்றார் பாய்.

வாங்கிய அன்று அவர் சொல்லத்தான் வந்தார். "எல்லாம் தெரியும்" என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டவன் நான். அதை அங்கே அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த நாலு பேருக்கும் இன்றுவரை தவறு அவருடையதுதான். அதனால் இந்தத் திருத்தத்தை எழுதுகிறேன். முதல் பிரதி பாய்க்கு.