வட்டப்பாறையில் சொல்லாத சத்தியம்

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் செல்போன் அடித்தது. சரோஜா அம்மா.

"டீச்சர், சார் எங்களை உட்டுட்டுப் பூட்டாருங்க. திருவாமாத்தூருக்குத்தான் எடுத்துக்கினு போறோம். ஜல்தியா வந்துடுங்க."

திண்டிவனத்தில் எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற தணிகாசலம் சாரைத்தான் அவர் மனைவி அப்படிச் சொன்னார். சார் விசில் ஊதினால் தெருநாயும் வரிசையில் நிற்கும் என்று கேலி செய்வோம். ஆசிரியர் அறைக்குள் வந்துவிட்டாலோ, தம் சொந்த ஊரான திருவாமாத்தூர்க் கோயிலைத் தவிர அவருக்கு வேறு பேச்சே கிடையாது.

நான் 1993இல் வேலைக்குச் சேர்ந்தேன். "உங்க மாதாவாண்ட வாராவாரம் போறீங்க, எங்க அம்மாவையும் ஒருவாட்டி வந்து பாருங்க" என்று எங்கள் எல்லோரையும் ஒரு விடுமுறை நாளில் அழைத்துப் போனார். 'ஆ' என்றால் பசு. கொம்பில்லாமல் பிறந்த பசுக்கள் இங்கே வழிபட்டுக் கொம்பு பெற்றன என்றார். லிங்கத்தின் மேல் குளம்படித் தடம் இருப்பதைச் சொன்னார். சுவாமியும் அம்பாளும் எதிரெதிர் கோயில்களில் முகம் பார்த்திருப்பதைக் காட்டி, "எங்க ஊர்ல புருசன் பொண்டாட்டி சண்டையே வராதுங்க" என்று சிரித்தார்.

கடைசியாக, அந்தக் கோயிலிலேயே இருக்கும் வட்டப்பாறை. அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவர் பிழைப்பதில்லை என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தம்பியின் பொருளைத் தடிக்குள் ஒளித்து, அந்தத் தடியைத் தம்பி கையிலேயே கொடுத்துவிட்டு, "எல்லாம் அவனிடம்தான் இருக்கிறது" என்று சத்தியம் செய்த அண்ணன் பாம்பு கடித்து மாண்ட கதையைச் சார் நடித்தே காட்டினார்.

சில வருடங்களில் அவர் வீட்டிலேயே வழக்கு வந்தது. அவருடைய அண்ணன் கலியமூர்த்தி, அப்பாவின் கிணறு முழுவதும் தனக்கே என்றார். பாதி தமக்கு என்று அப்பா வாய்மொழியாகச் சொன்னதாகச் சார் சொன்னார். முதலில் தம்பி, அடுத்து அண்ணன், இருவரும் வட்டப்பாறையில் சத்தியம் செய்யட்டும் என்று பஞ்சாயத்தில் முடிவானது. சார் குளித்து, ஈர வேட்டியோடு பாறை முன் நின்றார். வாய் திறக்கவில்லை. திரும்பி நடந்துவிட்டார்.

அவ்வளவுதான், ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்றார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலும் அதே பேச்சு. எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்க் கேட்டேன்.

"நான் பண்ணிட்டா அடுத்து அண்ணன் பண்ணணுமே, டீச்சர். அவரு பொய் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். பண்ணிட்டு அவருக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா? கெணறு போனாப் போவுது. இத வெளிய சொல்லிடாதீங்க, அண்ணனுக்கு அசிங்கம்."

உண்மையைச் சொல்லப் பயந்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதன் பிறகும் கோயிலுக்கு ஆட்களை அழைத்துப் போய்க்கொண்டுதான் இருந்தார். பாறை வந்தால் மட்டும், "வெயில் ஏறுது, வாங்க" என்று நகர்ந்துவிடுவார். சொந்த ஊர்க் கல்யாணங்களில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து எழுந்து வருவார். பொய்யன் என்று கூப்பிட்டவர்களுக்கும் வணக்கம் சொல்வார். எனக்குத்தான் வயிறு எரியும்.

நான் திருவாமாத்தூர் போய்ச் சேர்ந்தபோது, குளிப்பாட்டக் குடங்களில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கலியமூர்த்தி தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அன்று பஞ்சாயத்தில் இருந்த முதியவர் ஒருவர், "இன்னா கலியமூர்த்தி, உன் கெணத்துத் தண்ணியா?" என்று கேட்டார்.

"என் கெணறு இல்ல. பாதி அவன்துதான். எங்கப்பா சொன்னது மெய்தான்." ஒரு குடத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "அன்னிக்கு அவன் பண்ணியிருந்தா நானும் பொய்ச் சத்தியம் பண்ணியிருப்பேன். அது தெரிஞ்சிதான் என் தம்பி திரும்பிப் போனான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த ஒரு வார்த்தையைச் சார் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்கக் கூடாதா? குடத்தைத் தூக்கித் தம்பியின் தலையில் முதல் தண்ணீரை அவரே ஊற்றினார்.

போய் வாருங்கள், சார். உங்கள் அண்ணன் நிஜம் சொல்லிவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.