சென்னியம்மாள் கேட்ட கட்டை

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சென்னியம்மாள் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது ஆயுளில் ஒரே தடவை, 1936-இல். எழுத்து அறியாதவள். நிலக்கடலைக் காடும் நாலு மாடும் சுப்பையன் என்ற முன்கோபிப் புருஷனும் நாச்சிமுத்து என்ற ஒரே மகனும் அவளுக்கு வாய்த்தவை.

நாச்சிமுத்து என் வகுப்பு. பிரம்படிக்குப் பயந்து மட்டம் போட்டான். சுப்பையன் செய்த காரியத்தைக் கேளுங்கள். பயிர் மேயும் கிடேரியின் கழுத்தில் தொங்கிய கட்டையை அவிழ்த்து வந்து, “கண்ணு ரெண்ட மட்டும் உட்டுட்டு மீதிய நீங்களே பாத்துக்குங்க” என்று வாத்தியாரிடம் கொடுத்தார். வாத்தியார் அதைச் சங்கிலி போட்டுப் பையனின் காலில் பூட்டினார். வீட்டுக்கு அதைத் தோளில் சுமந்து போவான், அதோடேயே படுப்பான். சாவி வாத்தியார் இடுப்பில். அடியாத மாடு படியாது என்றது ஊர்.

பத்தே நாளில் கணுக்கால் புண்ணாகி ஈ மொய்த்தது. சென்னியம்மாள் புருஷனிடம் கெஞ்சினாள், வாத்தியாரிடம் ஆள் விட்டாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரும் நாளும் வந்தது; அதற்குள் இன்னும் இரண்டு பேர் காலிலும் கட்டை ஏறியிருந்தது. வாசலில் மாவிலைத் தோரணம். கட்டை மாட்டிய மூன்று பேரை மட்டும் வாத்தியார் சாமான் அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். மூவரில் நானும் ஒருவன். மூச்சு விட்டால் தோலை உரிப்பேன் என்றார். கதவிடுக்கில் பார்த்தேன். சென்னியம்மாள் கிடேரியைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நேரே உள்ளே வந்தாள்.

“ஏனுங்க சாமி, என்ற மாட்டுக் கட்டையக் குடுக்கச் சொல்லுங்க. இது ஊரான் காட்டையெல்லாம் மேயுது.”

“பள்ளிக்கூடத்தில் ஏதம்மா மாட்டுக் கட்டை?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“என்ற பையன் கால்ல கெடக்குதுங்க. அவனக் காணோம். அந்தக் கதவுக்குள்ள சங்கிலிச் சத்தம் கேக்குது, தொறக்கச் சொல்லுங்க.”

கதவு திறந்தது. “தகப்பனே கொண்டுவந்து கொடுத்ததுங்க” என்று வாத்தியார் குழறினார்.

“மாட்டுக்கே கழுத்துல புண்ணு வந்தா அவுத்து உட்ருவமுங்க” என்றாள் சென்னியம்மாள்.

இன்ஸ்பெக்டர் வாத்தியாரிடம் சாவிக்குக் கையை நீட்டினார். மூன்று பூட்டுகளும் திறந்தன.

கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மாட்டோடும் மகனோடும் கிளம்பினாள். பையன் காலில் இப்போது ஒன்றுமில்லை. ஆனாலும் வலது காலை இழுத்து இழுத்தே நடந்தான். அதுவரை கலங்காதவள் அப்போதுதான் அழுதாள்.

“நல்லா நட சாமி. கட்டை என்ற தோள்லதான் இருக்குது.”