நாயோடு வந்து சேர்ந்த என் ஹோல்டால்

எழுபதுகளின் தொடக்கம். மொன்றியலில் எங்களுக்கு அது இரண்டாவது குளிர்காலம். கணவருக்கு டோர்வலில் இன்ஜினீயர் வேலை. நான் நாள் முழுக்க நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமையாவது மனுஷர் வீட்டில் இருப்பார் என்று பார்த்தால் அதற்கும் வந்தது வினை. அவரோடு வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யைத் தாண்டி ஓர் ஊரில், பனியில் சறுக்குவண்டி இழுக்கிற பந்தய நாய்கள் வளர்த்தார். இவர் வாராவாரம் அங்கே போய் நாய்களைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

போதும்டா சாமி என்று ஆகிவிட்டது எனக்கு. பனி விட்டதும் ஊருக்குப் போகிறேன், திரும்பி வருவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். ரயிலில் படுக்கை சுருட்டிக்கொண்டு போக அம்மா வாங்கிக் கொடுத்த கித்தான் ஹோல்டாலை அலமாரி மேலிருந்து இறக்கியும் வைத்தேன். "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார். அவ்வளவுதான். இரு என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை அந்த மனுஷருக்கு.

அந்தச் சமயத்தில்தான் பிரெஞ்சுக்காரர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மூன்று நாய்கள் இழுக்கிற வண்டிப் பந்தயத்தில் தனக்குப் பதிலாக ஓட்ட முடியுமா என்று கேட்க, இவரும் தலையாட்டிவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் எனக்கு விதிப் பாடம். சாட்டை கூடாது. வண்டியில் பிரேக் வேண்டும், பனியில் குத்தி நிறுத்த இரும்புக் கொக்கி வேண்டும். பின்னால் வருகிற வண்டி வழி கேட்டால் ஒதுங்க வேண்டும். எந்த நாயாவது ஓட முடியாமல் போனால் படுக்க வைத்துக் கொண்டுவர வண்டியில் ஒரு பை இருக்க வேண்டும். கிளம்பின நாய் அத்தனையும் திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டம் செல்லாது. நான் ஊருக்குப் போவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்.

பந்தய நாளன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். உறைந்த ஏரி, முகத்தை அறுக்கிற காற்று. வண்டியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் வாரெல்லாம் இழுத்துக் கட்டியிருந்தது என்னுடைய ஹோல்டால்! பிரெஞ்சுக்காரரின் பை கிழிந்துவிட்டதாம். சோதிக்க வந்த அதிகாரி அதைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்து, பிரமாதம் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குளிரே தெரியவில்லை.

அது போதாதென்று இன்னொன்று. ஓடுவதற்கு முன்னால் நாய்க்குத் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காதே என்று பிரெஞ்சுக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவர் காரில் உட்கார்ந்து நான் கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைத் திறந்திருக்கிறார். வண்டியை ஒட்டிக் கடைசியில் கட்டுகிற பெரிய நாய் வெளியே நின்று பார்த்திருக்கிறது. பாதி சாதம் அதன் வயிற்றுக்குப் போய்விட்டது.

"என்னங்க, குடுக்கக் கூடாதுன்னு சொன்னாரே!"

"அது என்னையே பாத்துக்கிட்டு நிக்குது. பாக்க வச்சுச் சாப்பிட்டா வயித்து வலி வராதா? அதோட, அது விதிப் புத்தகத்துல இல்லையே."

வயிற்று வலி யாருக்கு வந்தது என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. இவருக்குப் பின்னால் கிளம்பின வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இவரைக் காணோம். ஏரிக்கு அப்பால் மரங்கள்தான் தெரிந்தன. திட்டிக்கொண்டே நின்றவள் எப்போது வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. ஊருக்குப் போகிறேன் என்று சொன்ன வாயால், இந்த ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று கெஞ்சினேன்.

ஒருவழியாக வந்தார். இரண்டு நாய்கள்தான் இழுத்தன. இவர் வண்டியில் ஏறாமல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடி வந்தார். மீசையெல்லாம் பனி. என் ஹோல்டாலில், தலையணை வைக்கிற இடத்திலிருந்து பெரிய நாயின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. பிரெஞ்சுக்காரர் ஓடிப்போய் முதலில் நாயின் வயிற்றைத் தடவினார். அது எழுந்து குதித்து வாலை ஆட்டியது. இவர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம், "பாதி வழியில வாந்தி எடுத்துப் படுத்துடுச்சும்மா. ஆனா மூணும் வந்தாச்சு. ஓட்டம் செல்லும்" என்றார். கடைசி இடத்துக்கு இவ்வளவு பெருமை!

திரும்பி வருகையில் பாலம் ஏறும்வரை திட்டித் தீர்த்தேன். "நீ ஊருக்குப் போறதுக்குள்ள ஹோல்டாலைத் துவைச்சு வச்சிடறேன்" என்றார்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" என்று கத்தியேவிட்டேன்.

"சொல்லி, நீ முடியாதுன்னுட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு."

கார் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அந்த வசந்தத்தில் நான் ஊருக்குப் போகவில்லை. ஹோல்டாலை எத்தனை முறை துவைத்தும் நாய் வாடை போகவில்லை என்பது வேறு விஷயம்.

இன்றைக்கும் இவரை நம்பி ஓர் இடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆனால் நான் நடக்க முடியாமல் படுத்துவிட்டால் விட்டுவிட்டு வருகிற ஆள் இவர் இல்லை என்று அன்று அந்த ஏரிக்கரையில் தெரிந்துகொண்டதுதான், இத்தனை பனிக்காலங்களையும் என்னைத் தாங்க வைத்திருக்கிறது.