மச்சாள் கேட்ட கடிதம்

மொன்றியலில், வில்லரே என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் வாசலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், மச்சாள் குளிர்கோட்டையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் நின்று, ஒரே ஒரு பிரெஞ்சு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பத் தன் முகத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே காற்றில்லாத பனி. விழுகிறதா, அந்தரத்தில் நிற்கிறதா என்று தெரியாதபடி அவ்வளவு மெதுவாக இறங்கியது. யன்னலால் வந்த வெள்ளை வெளிச்சத்தில், இரண்டு மச்சாள்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக் கெஞ்சிக்கொண்டு நிற்பதுபோல எனக்குத் தோன்றியது. "எனக்காக ஒரு வலுவான சிபாரிசுக் கடிதம் எழுத உங்களால் முடியுமா?" அதுதான் அந்த வாக்கியம். 'வலுவான' என்ற சொல் வரும்போதெல்லாம் அவருடைய குரல் தாழும். கண்ணும் கூடவே தாழும்.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. எங்கள் வழக்கத்தில் அண்ணன் மனைவியும் மச்சாள், கணவனின் தங்கையும் மச்சாள். ஆகவே நானும் அவரும் ஒருவரை ஒருவர் ஒரே சொல்லால்தான் கூப்பிட்டுக்கொண்டோம். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்து, அங்கே ஆஸ்பத்திரியில் சில வருடம் வேலையும் செய்துவிட்டுக் கலியாணமாகி மொன்றியலுக்கு வந்தவர். நானோ கைக்குழந்தையாக இங்கே வந்து, பிரெஞ்சிலேயே படித்து, கார்டெறியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்குப் போனவள். வந்த பிறகு எழுத வேண்டிய பரீட்சைகளையெல்லாம் மச்சாள் எழுதிச் சித்தியடைந்துவிட்டார். ஆனால் இங்கே டொக்டராக வேலை செய்வதென்றால், மறுபடி ஓர் ஆஸ்பத்திரியில் சில வருடம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். அதை ரெசிடென்சி என்பார்கள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அதில் இடம் மிகக் குறைவு. நல்ல புள்ளிகள் விண்ணப்பிக்கிற எல்லாரிடமும் இருக்கும். கடைசியில் கை கொடுப்பதும் காலை வாருவதும் கடிதங்கள்தான். உங்கள் வேலையை நேரில் கண்ட, இந்த நாட்டு டொக்டர்மார் எழுதுகிற கடிதங்கள். ஊரிலிருந்து பேராசிரியர்மார் அன்போடு எழுதித் தந்தவை பழசாகிப்போயிருந்தன.

மச்சாளைப் போலவே விண்ணப்பிக்கிற சிலர் நூலகத்தில் கூடிப் படிப்பார்கள். அவர்கள்தான் அந்தச் சொல்லைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள். வெறுமனே கடிதம் கேட்டால் யாரும் தருவார்கள். 'நேரத்துக்கு வருவார், பண்பானவர்' என்று நாலு வரி எழுதுவார்கள். அப்படியொரு கடிதம் இல்லாமலிருப்பதே நல்லது. வலுவாக எழுத முடியுமா என்று முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். ஒரு கணம் தயங்கினாலும் நன்றி சொல்லிவிட்டு எழும்பிவிட வேண்டும். மச்சாளுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. "என்னைப் புகழ்ந்து எழுதுங்கோ எண்டு நானே போய்க் கேக்கிறதே மச்சாள்? ஊரில எண்டால் சிரிப்பினம்," என்றார். ஆங்கிலத்தில் கேட்பது அவருக்குச் சுலபம். ஆனால் பயிற்சி முழுவதும் பிரெஞ்சில். அந்த மொழியில் தன்னால் நிற்க முடியும் என்று காட்ட வேண்டும் என்பதற்காகவே அந்த ஒத்திகை.

அவர் கேட்கப் போனது நகருக்கு மேற்கே, கர்க்லாண்டில் குடியிருந்த ஒரு விசேட வைத்தியரிடம், அவருடைய வீட்டுக்கே. அதற்கு முந்திய வசந்தத்தில் அவருடைய கிளினிக்கில் மச்சாள் கிழமைக்கணக்காகப் பார்வையாளராக நின்றிருந்தார். நோயாளியைத் தொடக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, பார்க்க மட்டும் செய்யலாம். அண்ணா மொன்றியல் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றுகிற லொறி ஓட்டுபவர். அன்று அவருக்கு வேலை. நான்தான் கார் ஓட்டினேன். நகரம் பின்வாங்க, வீடுகள் ஒன்றையொன்று விட்டு விலகி, முற்றங்கள் அகன்று, கடைசியில் எல்லாமே ஒரே வெள்ளைத் துணிக்குக் கீழே தூங்குவதுபோல இருந்தது. மச்சாளின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

டொக்டர் நல்ல மனிதர். எங்கள் கோட்டுகளைத் தானே வாங்கிக் கொழுவினார். கோப்பி கொண்டுவந்து வைத்தார். மச்சாள் கோப்பையைத் தொடாமல் அந்த வாக்கியத்தைச் சொன்னார், ஒரு பிழையும் இல்லாமல். அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. "நிச்சயமாக. மிக வலுவாகவே எழுதுவேன். உங்களை எப்படி மறப்பது?" என்றார். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அவர் சாய்ந்து உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கினார். காத்திருப்பு அறையில் ஒரு நோயாளியின் மனைவி மயங்கி விழப் போனபோது, எல்லாரும் திகைத்து நிற்க, மச்சாள் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்ததை. அந்த அம்மா பிறகு பூங்கொத்து அனுப்பியதை. அதைக் கடிதத்தின் முதல் பந்தியிலேயே எழுதப் போவதை. முடிவில், "மகன் எப்படி இருக்கிறான்? இப்போது பள்ளிக்கூடம் போவானே?" என்று கேட்டார்.

மச்சாளுக்குப் பிள்ளை இல்லை. பரீட்சை முடியட்டும், இடம் கிடைக்கட்டும் என்று அண்ணாவும் அவரும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். மயங்கி விழப் போன பெண்ணையும் மச்சாள் கண்டதில்லை. அவருக்கு முன்னாலோ பின்னாலோ அதே கிளினிக்கில் நின்ற யாரோ ஒருத்தியை, எங்களைப்போல மாநிறமான ஒருத்தியை, டொக்டர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் விளங்கிவிட்டது. "பேசாமல் இருங்கோ மச்சாள். அவர் எழுதட்டும்," என்று தமிழில் மெல்லச் சொன்னேன். மச்சாள் என் பக்கம் திரும்பவேயில்லை. ஒத்திகை பார்க்காத ஒரு பிரெஞ்சு வாக்கியத்தை, அதைவிடத் தெளிவாக, நிமிர்ந்த குரலில் சொன்னார்: "மன்னிக்க வேண்டும், டொக்டர். அது நான் இல்லை."

டொக்டரின் காது மடல்கள் சிவந்தன. மன்னிப்புக் கேட்டார், எழுதுகிறேன் என்று மறுபடியும் சொன்னார், பிறகு தானே நிறுத்தி, "உண்மையைச் சொன்னால், என்னத்தை எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை," என்றார். மச்சாள் நன்றி சொல்லி எழும்பினார். கோட்டுப் போடாமலே கார் வரைக்கும் வந்து அந்த மனிதர் எங்களை வழியனுப்பியது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தலைமயிரில் பனி விழ, கை அசைக்கவும் தெரியாமல் நின்றார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்தது. அவராகத்தானே சொன்னார், நாங்கள் பொய் சொல்லவில்லையே என்றேன். மச்சாள் யன்னலால் வெளியே பார்த்தபடி, "அந்தக் கடிதத்தோட ரெசிடென்சிக்குப் போறது ஆர் மச்சாள்? அவர் நினைச்ச அந்தப் பிள்ளையெல்லே போகும். நான் இஞ்சயே நிப்பன்," என்றார். பிறகு, ஏனென்று தெரியவில்லை, சிரிக்கத் தொடங்கினார். "என்ர முகம் அவருக்கு எப்பிடித் தெரியும்? நான் எப்பவும் அவற்ற முதுகுக்குப் பின்னாலையெல்லே நிண்டனான்!" நானும் சிரித்துவிட்டேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீர் எப்போது வேறாக மாறியது என்று எனக்குத் தெரியாது. வைப்பர்கள் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தன.

அன்று பின்னேரம் அண்ணா வந்ததும் நடந்ததைச் சொன்னோம். அண்ணா அதிகம் கதைக்காத ஆள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே, "உம்மை முன்னாலை நிண்டு பாக்கிற டொக்டர் ஒருத்தி இருக்கிறாவெல்லே," என்றார். அண்ணா சொன்னது, மச்சாள் வேலை செய்த முதியோர் இல்லத்துக்குக் கிழமைக்கு ஒரு தரம் வருகிற குடும்ப வைத்தியரை. மச்சாள் அங்கே பராமரிப்பு உதவியாளர்: முதியவர்களைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. தான் டொக்டர் என்று அங்கே யாருக்கும் அவர் சொல்லியிருக்கவில்லை. முதலில் வேலை செய்த இடத்தில் சொல்லிப் பார்த்தவர்தான். அங்கே கூட வேலை செய்தவர்கள் படுக்கை விரிப்பு மாற்றக் கூப்பிடும்போதெல்லாம் 'டொக்டர்' என்று நீட்டிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். இந்த இல்லத்தில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. கடிதம் வேண்டுமென்றால் அந்த நிம்மதியைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

அடுத்த தடவை அந்த வைத்தியர் வந்தபோது, துவாய்கள் அடுக்கிய வண்டிலைத் தள்ளியபடி நின்று மச்சாள் சொல்லிவிட்டார். நான் அங்கே இல்லை. அவர் சொல்லித்தான் தெரியும். வைத்தியர் மச்சாளைவிட இளையவர், இங்கேயே பிறந்து வளர்ந்த கியூபெக்காரி. முதலில் நம்பவில்லை. பிறகு அவருக்கு மனம் நொந்துவிட்டது. "இவ்வளவு நாளும் உங்களுக்கு நான் மருந்தின் பெயரெல்லாம் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேனே, ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாராம். கொஞ்சம் யோசித்து, "உங்களை டொக்டராக நான் கண்டதில்லை. கண்டதை மட்டும்தான் என்னால் எழுத முடியும்," என்றாராம். மச்சாள் அவ்வளவு பாடுபட்டுப் பாடமாக்கிய வாக்கியத்தைச் சொல்லவேயில்லை. "கண்டதை மட்டும் எழுதுங்கள். அது போதும்," என்றார். அதன்பிறகு நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, வேலை முடிந்த நேரங்களில் மச்சாளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனார் அந்த வைத்தியர். ஒவ்வொருவரையும் பார்த்து முடிந்ததும், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பாராம். அந்தக் கேள்வியை மச்சாள் வீட்டுக்கு வந்தும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு தனக்குள் சொல்லிப் பார்ப்பார். எத்தனை வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி.

விஷயம் இல்லம் முழுக்கப் பரவியது. கூட வேலை செய்தவர்களில் சிலர் மச்சாளோடு கதைப்பதைக் குறைத்தார்கள். அதை மச்சாள் எதிர்பார்த்திருந்தார். எதிர்பாராதது ஒரு கிழவரிடமிருந்து வந்தது. பழைய துறைமுகத் தொழிலாளி. மச்சாள் கையால் மட்டும்தான் குளிக்கச் சம்மதிப்பவர். அடுத்த நாள் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "டொக்டர் ஒருத்தியைக் கொண்டு என் உடம்பைக் கழுவிக்கொள்ள மாட்டேன். வெட்கமாக இருக்கிறது," என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். அன்று மச்சாள் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "அந்த மனுசன் இப்ப என்னை வேற ஆளாப் பாக்குது மச்சாள்," என்றார். கர்க்லாண்டிலிருந்து திரும்பியபோதுகூட அவர் குரல் அப்படி உடைந்ததில்லை. சில நாள் கழித்து மச்சாள் குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, நீராவி நடைவரை வர, அந்தக் கிழவரிடம் சொன்னாராம்: "தண்ணி ஆறுது. டொக்டர் இன்னும் வேலைக்கு வரேல்லை. நான்தான் வந்திருக்கிறன்." கிழவர் வெகுநேரம் யோசித்துவிட்டு எழுந்து கையை நீட்டினாராம்.

கடிதம் போனது. அது நேரே தெரிவுக் குழுவுக்குப் போகும். விண்ணப்பிப்பவர் அதைப் பார்ப்பதில்லை, பார்க்கக் கேட்க மாட்டேன் என்று ஒப்பமும் வைக்க வேண்டும். அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. முடிவு வந்த காலை மச்சாள் கணினியை மூடிவிட்டு, தலை சீவி, மெற்றோ எடுத்து வேலைக்குப் போனார். பனி உருகி ஓடுகிற சத்தம் தெருவெல்லாம் கேட்டது. அந்த வைத்தியர் அடுத்த வருடமும் எழுதினார். கேட்காமலே, இன்னொரு வருடம் கண்டதையும் சேர்த்து எழுதினார். அந்த வசந்தத்தில், ஆற்றோடு வெகுதூரம் கிழக்கே போனால் வருகிற ஒரு சின்ன ஊரில், குடும்ப மருத்துவப் பயிற்சிக்கு மச்சாளுக்கு இடம் கிடைத்தது. அண்ணா துறைமுகத்திலிருந்து ரெலிபோனில் கேட்டுவிட்டு, "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னணியில் பாரந்தூக்கிகளின் இரைச்சல். அவர் அழுகிறார் என்று நாங்கள் இரண்டு பேரும் கண்டுகொண்டோம்.

பயிற்சி முடிந்தும் மச்சாள் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். அண்ணாவும் அங்கே போய்விட்டார்; இப்போது அவர்களுக்கு ஒரு மகள், தமிழைப் பிரெஞ்சு இராகத்தில் கதைக்கிறவள். நான் வில்லரேயில்தான் இருக்கிறேன். விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம் ஏதோ தூக்கத்துக்குள் நுழைவதுபோல இருக்கும். ஆறு அங்கே கடல்போல அகன்றுவிடும். காலையில் மூடுபனி எழும்பினால் அக்கரை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

போன கோடையில், பால் வாங்கவென்று அங்கேயுள்ள டெப்பனர் என்கிற சின்னக் கடைக்குப் போனேன். காசு வாங்குகிற பெண் என்னைப் பார்த்து, எங்கள் டொக்டருக்கு நீங்கள் சொந்தமா என்று கேட்டாள். மச்சாள் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை அப்படியே தமிழாக்கினால் 'அழகிய சகோதரி' என்று வரும். அந்தச் சொல்லைச் சொன்னேன். அவள் கையிலிருந்த மிச்சக் காசை என்னிடம் தராமலே கதைக்கத் தொடங்கினாள். தன் தாய் கடைசியாகப் படுத்திருந்த கிழமைகளில் டொக்டர் வீட்டுக்கே வந்ததை, நாடி பார்த்து முடிந்தும் போகாமல் கட்டிலருகே இருந்து தாயின் நகத்தை வெட்டிவிட்டதை, தாய் அவரிடம் மட்டும் தன் பயத்தைச் சொன்னதை. எனக்குப் பின்னால் நின்ற ஒரு மனிதர் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். இன்னொரு அம்மா இடையில் புகுந்து ஏதோ திருத்தினார். யாருக்கும் அவசரமில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூடுபனி தெருவைக் கடந்துகொண்டிருந்தது. நான் பாலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது தேத்தண்ணிக் கேத்தில் ஆறிப்போயிருந்தது. "எங்க மச்சாள் இவ்வளவு நேரமும் நிண்டனீங்கள்?" என்று கேட்டார்.

"கடையில சனம், மச்சாள்," என்றேன்.