நாற்பத்தொரு வயதில் எழுதிய கடைசித் தாள்

நான் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. வீட்டில் யாரும் சாகவில்லை. என்னைக் கட்டிக்கொடுக்க யாரும் அவசரப்படவும் இல்லை. மலைக்குக் கீழே ஒரு பெண்கள் கல்லூரியில், விடுதியில் தங்கி, பி.ஏ. வரலாறு இரண்டு வருடம் முடித்திருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த சமயத்தில், கொடைக்கானலில் ஒரு உறைவிடப் பள்ளியின் நூலகத்தில் வேலை பார்த்த பெண் பிரசவத்துக்காக லீவில் போயிருந்தாள். "ரெண்டு மாசந்தான, போயிட்டு வா" என்றார் அம்மா. போனேன். லீவில் போனவள் திரும்பி வரவில்லை. நானும் கல்லூரிக்குத் திரும்பவில்லை. அடுத்த வருடம் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வருடமும் அப்படியே நினைத்தேன். பதினெட்டு வருடம் ஓடிவிட்டது.

புத்தகங்களுக்கு பிளாஸ்டிக் அட்டை போடுவது, முத்திரை குத்துவது, பிள்ளைகள் கலைத்துப் போட்டதை அடுக்குவது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த அலமாரிகளைத் துடைப்பது. இதுதான் என் சோலி. எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உதவி நூலகர் பணியிடம் ஒன்று காலியானபோது எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "டிகிரி மட்டும் இருந்திருந்தா உங்களையே போட்டிருப்போம்மா" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். அடுத்த வாரம் கல்லூரி முடித்த கையோடு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நல்ல பெண். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று ஒரு வாரம் முழுக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

அந்த வருடமே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், உங்கள் வசதிப்படி எழுதலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். பொய் இல்லை. என் பழைய மதிப்பெண் பட்டியல்களைப் பார்த்துப் பாதித் தாள்களை ஏற்றுக்கொண்டார்கள். மீதியை எழுத வேண்டும். ஆனால் என் வசதி என்று ஒரு நேரம் என்னிடம் இருக்கவே இல்லை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

என் கணவர் ஒரு லாட்ஜில் சமையல்காரர். சீசன் நாட்களில் அவர் வீட்டில் இருப்பதே அபூர்வம். மகள் ஒன்பதாம் வகுப்பு. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். காலையில் எல்லோருக்கும் ஆக்கி வைத்துவிட்டு, செண்பகனூரில் டவுன் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போய், சாயங்காலம் வந்து மறுபடி அடுப்படி. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே படிப்பேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். அசைன்மென்ட்டுகளைக் கையால் எழுத வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலமாரிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுவேன். மூன்று பக்கம் தாண்டினால் விரல்கள் மரத்துப்போகும். "எதுக்கும்மா இவ்வளவு கஷ்டப்படுற?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். "போயி ஒம் பாடத்தப் படி" என்றேன்.

வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டுக்கல்லில். விடியுமுன் பஸ் ஏறினால்தான் பத்து மணி வகுப்புக்குப் போய்ச் சேர முடியும். இத்தனை வருடம் மலையில் இருந்தும் கொண்டை ஊசி வளைவுகள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருமாள்மலை நிறுத்தத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், என் மடியிலிருந்த பாடப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் அந்தக் கிளாசுக்குத்தானாக்கா?" என்று கேட்டாள்.

அவளுக்கு வடகவுஞ்சி. அங்கன்வாடியில் வேலை. என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். பட்டம் இருந்தால் மேற்பார்வையாளர் வேலைக்கு மனுப் போடலாம் என்பதற்காகச் சேர்ந்திருந்தாள். எனக்கு இரண்டு வருடம் முன்பே சேர்ந்தவள். தோட்டத்தில் பூண்டு பறிக்கும் நாட்களில் அவளால் வர முடியாது. அவள் விட்ட வகுப்புகளுக்கு நான் குறிப்பெடுத்துக் கொடுப்பேன். எனக்கு ஓடாத பொருளாதாரத்தை அவள் பஸ்ஸிலேயே சொல்லித்தருவாள். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரியே சொல்வாள். திரும்பி வரும்போது இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குவோம். கண்டக்டர்தான் பெருமாள்மலை வந்ததும் அவளை எழுப்பிவிடுவார்.

இரண்டு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. அந்த டிசம்பர் தேர்வில் எனக்கு ஒரே ஒரு தாள் பாக்கி. அவளுக்கும் அதே தாள்தான் கடைசி. ஒரு வித்தியாசம் இருந்தது. சேர்ந்ததிலிருந்து இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கெடு உண்டு. எனக்கு இன்னும் அவகாசம் இருந்தது. அவளுக்கு அந்த டிசம்பரோடு கெடு முடிகிறது. தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு பஸ்ஸில் என்னிடம் அதைச் சொன்னாள். "இந்தத் தடவ விட்டுட்டா அம்புட்டுத்தான்க்கா. மறுபடி மொதல்லருந்து சேரணுமாம்." நான் அவள் கையைத் தட்டி, "அதெல்லாம் எழுதிருவ" என்றேன்.

தேர்வன்று மதியம் இரண்டு மணிக்குத் திண்டுக்கல்லில் பரீட்சை. இரண்டு நாளாக விடாத மழை. "வெள்ளனே கெளம்பிரு, ரோடு எப்படியிருக்குமோ" என்று கணவர் முந்தின நாளே சொல்லியிருந்தார். அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவசரம் வந்தால் அந்த ஊர்ப் பேச்சு தானாக வரும். "கெதியா போ பிள்ள, கெதியா போ" என்று வாசல்வரை வந்து விரட்டினார். ஆறரை மணி பஸ்ஸில் ஏறினேன். பெருமாள்மலையில் அவளும் ஏறினாள்.

ஊத்து தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. கூடவே மண்ணும் சரிந்திருந்தது. ஆட்கள் வந்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் டிரைவர். இறங்கி நின்றோம். பனி மூட்டத்தில் முன்னால் நிற்கிற ஆளே தெரியவில்லை. ஒன்பது மணி ஆனது. பத்து ஆனது. அறுக்கும் மெஷின் வரவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக் கீழே போய்விட்டன.

பத்தரை வாக்கில் ஒருவர் எங்கள் பக்கத்திலிருந்து தன் பைக்கை, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மரத்தடியில் இருந்த சந்து வழியாகத் தள்ளி அந்தப் பக்கம் கொண்டுபோனார். வத்தலக்குண்டு போகிறாராம். நாங்கள் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னோம்.

"ரெண்டு பேர ஏத்த முடியாதுங்க. ரோடு பூரா சேறு, வழுக்குது" என்றார் அவர். "யாராச்சும் ஒருத்தர் வாங்க. வெரசா வாங்க."

அவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள். "அக்கா..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். அதற்குள் நான் மரத்தைத் தாண்டி, சேலையைச் செருகிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"பின்னாலயே வேற வண்டி வரும், வந்துரு" என்று கத்தினேன். அவள் தலையை ஆட்டினாள். வண்டி கிளம்பிவிட்டது.

அவளுடைய கெடு அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. நினைவிருந்தது. அடுத்த தேர்வுவரை இன்னொரு ஆறு மாதம் அடுப்படியில் நின்று படிக்க என்னால் முடியாது என்பதும் நினைவிருந்தது. இரண்டாவதுதான் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தச் சீட்டில் உட்காரவைத்தது.

வத்தலக்குண்டில் பஸ் பிடித்து, பரீட்சை தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து ஹாலுக்குள் போனேன். ஈரச் சேலையோடு கடைசி மணி அடிக்கும்வரை எழுதினேன். என் முன்னால் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அந்த நேரம் முடியும்வரை நான் வாசலைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். அவள் வரவில்லை. மரத்தை அன்று சாயங்காலம்தான் எடுத்தார்களாம். அவள் பெருமாள்மலைக்கு நடந்தே திரும்பியிருக்கிறாள்.

ராத்திரியே போன் செய்தேன். "பரவாயில்லக்கா. நீங்க எழுதிட்டீங்கல்ல" என்றாள். அதற்கப்புறம் நான் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை.

நான் தேறிவிட்டேன். பட்டம் தபாலில் வந்தது. நூலகத்துக்கு வந்த பெண் அதற்குள் வேறு வேலை கிடைத்துக் கீழே போய்விட்டாள். அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. கணவர் லாட்ஜிலிருந்து கேசரி செய்து கொண்டுவந்தார். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தூக்கம்தான் வந்தது. அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தூங்கினேன்.

புது அட்மிஷன் தொடங்கியபோது விண்ணப்பப் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு வடகவுஞ்சிக்குப் போனேன். மறுபடி சேர்ந்தால் அவள் தேறிய தாள்களை ஏற்றுக்கொள்வார்கள், மிச்சமுள்ள அந்த ஒன்றை மட்டும் படித்து எழுதினால் போதும் என்று விசாரித்து வைத்திருந்தேன். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற நேரம். என்னைப் பார்த்ததும் ஒரு கரண்டியைக் கையில் கொடுத்தாள். பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் பேசினாள்.

"அன்னைக்கு நீ ஏறுனது எனக்குக் கோவந்தான்" என்றாள். அதுவரை என்னை அவள் நீ என்று சொன்னதில்லை. "நீதான் போன்னு சொல்றதுக்குத்தான் நான் வாயத் தொறந்தேன். நீ அதச் சொல்லக்கூட விடல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தப்புத்தான். தெரிஞ்சேதான் ஏறுனேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் படிவத்தை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். "ஒத்தையில என்னால அந்தப் பஸ்ஸுல போக முடியாது. கிளாசுக்குப் போனாத்தான் எனக்கு மண்டையில ஏறும். நீயும் வரணும்" என்றாள்.

"நான்தான் முடிச்சிட்டனே."

"முடிச்சா என்ன? வா."

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு வந்தது அலுப்புத்தான். மறுபடியும் விடியுமுன் எழ வேண்டும், மறுபடியும் அந்த வளைவுகள். வாரத்தில் எனக்குக் கிடைக்கிற ஒரே நாள். வீட்டில் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. ஆனாலும் சரி என்றேன். அவள் பேனாவை எடுத்து அங்கேயே படிவத்தை நிரப்பத் தொடங்கினாள்.

எல்லா ஞாயிற்றுக்கிழமையும் என்னால் போக முடிவதில்லை. சீசனில் கணவருக்கு ஒத்தாசைக்குப் போக வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கும் இப்போது முடியவில்லை. போகிற நாட்களில் அவள் வகுப்புக்குள் போய்விடுவாள். நான் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்காருவேன். முதல் அரைமணி நேரம் உள்ளே நடக்கும் பாடம் காதில் விழும். அப்புறம் தூங்கிவிடுவேன். வகுப்பு முடிந்ததும் அவள் வந்து தோளைத் தொட்டு எழுப்புவாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் டீ குடித்துக்கொண்டே, அன்று நடத்தியதை எனக்குச் சொல்வாள். எனக்குத் தெரிந்த பாடம்தான். இருந்தாலும் கேட்டுக்கொள்வேன்.